நன்றியுள்ள பிராணிக்கு நகரில் ஓர் இடம்

தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் பெரும்பாலோர் 'என் செல்லப்பிராணி' என்ற தலைப்பில் ஒரு கட்டுரையாவது எழுதியிருப்போம். "நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காக்கும்" என்று தொடங்கி, சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, கொஞ்சுவது என வரிசையாக எழுதி முடித்திருப்போம். நாயை வெளியே நடக்க அழைத்துச் செல்வது பற்றி மட்டும் அநேகமாக ஒரு வரிகூட இருந்திருக்காது. நம் வீடுகளில் அந்தப் பழக்கம் குறைவு என்பதுதான் காரணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஏதாவது ஒரு தாமானில் மாலை வேளையில் நடந்து பாருங்கள். வெளிக்கதவில் 'அவாஸ் அஞ்சிங்' என்று ஒரு பலகை தொங்கும். அதற்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், இரண்டு மீட்டர் சங்கிலியில் ஒரு நாய் கட்டப்பட்டிருக்கும். பகலெல்லாம் படுத்துக் கிடக்கும். யாராவது கடந்து சென்றால் தொண்டை கிழியக் குரைக்கும். கோவிலில் பைரவரின் வாகனம் என்று வணங்கிவிட்டு வருகிற நாம், வீட்டில் இருக்கும் நாய் கடைசியாக எப்போது அந்தக் கதவைத் தாண்டியது என்று யோசித்திருக்கிறோமா?

"சரி, இந்த வாரமே கூட்டிப் போகிறேன்" என்று நீங்கள் புறப்பட்டால் அடுத்த சிக்கல் தொடங்கும். எங்கே போவது? கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நாயோடு நடக்க ஏற்ற பூங்காவை எப்படித் தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது, போன பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நடை ஏன் வேண்டும்?

நாய்க்கு மூக்குதான் உலகம். நாம் செய்தித்தாள் படிப்பதுபோல அது மண்ணையும் புல்லையும் மரத்தடியையும் மோந்து பார்த்துச் செய்தி அறிந்துகொள்கிறது. நாள் முழுதும் ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு அந்தச் செய்தி கிடைப்பதில்லை. அதன் ஆற்றல் செலவாவதற்கு வழியில்லாமல் குரைப்பாகவும், மண்ணைத் தோண்டுவதாகவும், செருப்பைக் கடிப்பதாகவும், சில வேளைகளில் ஆளைக் கடிப்பதாகவும் வெளிப்படுகிறது. வெளியாட்களையும் மற்ற நாய்களையும் பார்த்தே பழகாத நாய், அவர்களைக் கண்டதும் பயப்படுகிறது. பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது. ஆகவே நடை என்பது நாய்க்கு நாம் காட்டும் தனிச்சலுகை என்று எண்ணிவிடக்கூடாது. வீட்டாரின் பாதுகாப்பும் அண்டை வீட்டாரின் தூக்கமும் அதில் அடங்கியிருக்கின்றன.

வாசலில் நிற்கும் பலகை

நம் நகரில் பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை. நாயை அனுமதிக்கும் பூங்காக்களுக்குத்தான் பஞ்சம். இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் 50 ஏக்கர் கேஎல்சிசி பூங்காவை எடுத்துக்கொள்வோம். பிரேசில் நாட்டு நிலவெழில் கலைஞர் ரோபர்ட்டோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த அழகான இடம் அது. ஆனால் செல்லப்பிராணிகளுக்கு அங்கு இடமில்லை. ஊராட்சி மன்றங்கள் பராமரிக்கும் ஏரிப் பூங்காக்கள் பலவற்றின் நுழைவாயிலிலும், நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையைக் காணலாம்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டுப் பூங்காவும் நாய்க்கு ஏற்ற இடமன்று. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற காடு அது. இத்தகைய காடுகளில் நாய்க்குத் தடை இருப்பதில் நியாயம் உண்டு. நாயின் வாடையே சிறு விலங்குகளை விரட்டும்; நாயின் நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். காட்டைக் காட்டுக்கே விட்டுவிடுவதுதான் முறை.

ஊர்ப் பூங்காக்களில் தடை வந்ததற்குக் காரணங்கள் வேறு. அள்ளப்படாத கழிவு, அவிழ்த்துவிடப்பட்ட நாயைக் கண்டு அலறிய குழந்தை ஆகியவற்றோடு சமய உணர்வும் சேர்ந்துகொள்கிறது. கடைசியாகச் சொன்னதை நாம் சற்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அண்டை வீட்டாரின் பார்வையில்

தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் மலாய் நண்பர்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "உனக்கு நாயைப் பிடிக்காதா?" என்று ஒரு தோழியிடம் கேட்டேன். "பிடிக்கும். ஆனால் அதன் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் முறைப்படி கழுவ வேண்டும். பள்ளி நேரத்தில் அதை எப்படிச் செய்வது?" என்றாள். வெறுப்பு என்று நான் எண்ணியிருந்தது அவளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கலாக இருந்தது.

மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மரபின்படி, நாயின் எச்சில் போன்ற ஈரம் உடலிலோ உடையிலோ பட்டால் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். பூங்காவில் மெதுவோட்டம் ஓடும் ஒருவரின் காலை உங்கள் நாய் அன்பாக நக்கிவிட்டால், நமக்கு அது சிரிப்பு. அவருக்கு அது வீடு திரும்பிச் செய்ய வேண்டிய ஒரு கடமை. இதை அறிந்து வைத்திருப்பவர், எதிரே ஆள் வரும்போது தானாகவே கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பார்.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமாவில் உள்ள சென்ட்ரல் பார்க்கில் 'நாயைத் தொட விரும்புகிறேன்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது நினைவிருக்கலாம். முஸ்லிம் சமூக ஆர்வலர் ஒருவர் ஏற்பாடு செய்த அந்த நிகழ்ச்சியில், நாயைத் தொட்டுப் பழகவும், தொட்ட பின் சமய முறைப்படி கழுவவும் கற்றுத் தரப்பட்டது. கூட்டம் திரளாக வந்தது. அதன் பின் கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. நாடெங்கும் விவாதம் நடந்தது. நாய் என்பது நம் நாட்டில் வெறும் செல்லப்பிராணி விவகாரம் மட்டுமன்று என்பதை அந்த ஒரு நாள் நமக்கு உணர்த்தியது. அதே நாளில், ஒரு பூங்காவின் புல்வெளியில் பல இனத்தவரும் ஒரு நாயைச் சுற்றி நிற்க முடிந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

எங்கே தேடுவது?

நாயோடு நடக்கக்கூடிய இடங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, தனியார் மேம்பாட்டாளர்கள் உருவாக்கிய குடியிருப்புப் பூங்காக்கள். இவற்றில் தலைநகரில் மிகவும் பெயர் பெற்றது டேசா பார்க்சிட்டியின் சென்ட்ரல் பார்க். ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 13 ஏக்கர் பரப்பில் அமைந்த பூங்கா இது. வார இறுதி மாலைகளில் போனால் ஹஸ்கி முதல் நம் ஊர் நாட்டு நாய் வரை எல்லா வகையையும் பார்க்கலாம். நாயோடு வருபவர்கள் வழக்கமாகக் கூடும் இடம் என்பதால் அங்கு யாரும் உங்களை முறைத்துப் பார்க்க மாட்டார்கள். குறை என்னவென்றால் கூட்டம். முதல் முறையாக வெளியே வரும் நாய்க்கு அந்தச் சந்தடி மிரட்சியைத் தரும். அப்படிப்பட்ட நாயை வாரநாள் காலையில் கூட்டிச் செல்வது நல்லது.

இரண்டாவது, ஊராட்சி மன்றப் பூங்காக்கள். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் என ஒவ்வொரு நகரையும் ஒரு தனி மன்றம் நிர்வகிக்கிறது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனக்கென துணைச் சட்டங்களை இயற்றிக்கொள்ளலாம். அதனால் ஒரு பூங்காவில் உள்ள விதி, சாலையைக் கடந்தால் அடுத்த பூங்காவில் மாறலாம். நண்பர் சொன்னதையோ பழைய படத்தையோ நம்பிப் புறப்பட வேண்டாம். மன்றத்தின் பூங்காப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, பூங்காவின் பெயரைச் சொல்லி, "போலே பாவா அஞ்சிங்?" என்று கேட்டாலே போதும், இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது, நாம் அடிக்கடி மறந்துவிடுகிற இடம்: நம் தாமானுக்குள்ளேயே இருக்கும் சிறு திடலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும். வாரத்திற்கு ஒருமுறை காரில் ஏற்றி ஒரு பெரிய பூங்காவுக்குக் கொண்டு போவதைவிட, தினமும் அரை மணி நேரம் வீட்டைச் சுற்றி நடத்துவது நாய்க்கு அதிகப் பயன் தரும். எல்ஆர்டி, எம்ஆர்டி இரயில்களில் செல்லப்பிராணிகளை ஏற்ற முடியாது. கார் இல்லாத மாணவர்களுக்கு இந்த மூன்றாவது வகைதான் கைகொடுக்கும். திடலிலும் பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலகை தடுத்தால் தெருவோரம் இருக்கிறது.

நாயில்லாமல் ஒருமுறை

புதிய பூங்காவுக்கு முதலில் நாயைக் கூட்டிச் செல்லாமல் தனியாக ஒருமுறை போய் வாருங்கள். நாயோடு எந்த நேரத்தில் போக எண்ணியிருக்கிறீர்களோ அதே நேரத்தில் போவது முக்கியம். மதியம் காலியாக இருக்கும் பூங்கா, மாலை ஆறு மணிக்கு ஸும்பா இசையாலும் காற்பந்தாலும் நிரம்பியிருக்கலாம். போனதும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

நிழல்: அகலமாகக் கிளை விரித்த தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தால் நல்லது. பனை வகைகளை மட்டுமே வரிசையாக நட்டிருக்கும் பூங்கா படத்தில்தான் அழகு, நிழல் கிடைக்காது.

தரை: தாரும் சிமெண்டும் வெயிலில் கொதிக்கும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. புல்லும் மண்பாதையும் உள்ள இடமே சிறந்தது.

பாதையின் அகலம்: எதிரே குழந்தையோ, சைக்கிளோ, இன்னொரு நாயோ வந்தால் ஒதுங்கி நிற்க இடம் இருக்கிறதா? ஒதுங்க வழியில்லாத குறுகிய பாலங்களில்தான் சண்டைகள் மூள்கின்றன.

சாலை: நாய் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடினால் முதலில் எங்கே போய்ச் சேரும்? வேலியில்லாமல் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பூங்காவைத் தவிர்ப்பது நலம்.

மற்ற உயிர்கள்: குரங்குக் கூட்டம் உள்ள இடத்தில் நாய்க்கும் ஆபத்து, உங்கள் கையில் உள்ள பைக்கும் ஆபத்து. ஏரிக்கரையில் உடும்பு இருக்கும். அடர்ந்த புதரிலும் கால்வாய் ஓரத்திலும் நாகமும் மலைப்பாம்பும் இருக்கலாம். மழைக்குப் பின் வெளிவரும் தேரையை நாய் வாயில் கவ்வினால் அதன் நஞ்சு உடனே வேலை செய்யும். அரளியும், சைக்காஸ் எனப்படும் ஈச்சை போன்ற அலங்காரச் செடியும் நாய்க்கு நஞ்சு. பூங்காக்களில் இவ்விரண்டையும் அழகுக்காக நட்டிருப்பார்கள்.

கழிவுத் தொட்டி: குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை.

புறப்படும் முன்

குட்டியைத் தூக்கிக்கொண்டு உடனே பூங்காவுக்கு ஓட வேண்டாம். பார்வோ என்ற கிருமி, நோயுற்ற நாயின் கழிவு பட்ட மண்ணில் பல மாதங்கள்கூட உயிர்த்திருக்கும்; தடுப்பூசி முடியாத குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும். ஏறத்தாழ 16 வாரத்தில் தொடர் தடுப்பூசிகள் முடியும். எப்போது வெளியே விடலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எலிச்சிறுநீர் நோய்க்கான தடுப்பூசியும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏரியும் கால்வாயும் உள்ள பூங்காக்களில் தேங்கிய நீரை நாய் நக்குவதைத் தடுப்பது எளிதன்று.

வெறிநாய்க்கடி நோய் பழங்கதை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. 2013-இல் அந்நோய் அற்ற நாடு என்ற நிலையை மலேசியா பெற்றிருந்தது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைதூக்கியது. 2017 முதல் சரவாக்கில் பல உயிர்களைப் பறித்தது. அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது என்பதால் தடுப்பூசி ஒன்றே வழி. யாரையாவது நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாய்க்கு உரிமம் எடுப்பதும் கடமை. உரிமத்தை ஊராட்சி மன்றம் வழங்குகிறது. ஒரு வீட்டில் எத்தனை நாய் வைத்திருக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். உரிம வில்லை கழுத்துப்பட்டையில் இருந்தால், தொலைந்துபோன நாய் வீடு திரும்பவும் அது உதவும்.

நம் நாட்டில் பெரிய எதிரி வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் விரைவில் பாதிக்கப்படும். கோலாலம்பூரில் சூரியன் காலை 7 மணியளவில்தான் உதிக்கிறது. எனவே ஏழு முதல் எட்டரை மணி வரை நல்ல நேரம். மாலையில் ஆறரை மணிக்கு முன் போக வேண்டாம். நீரும் ஒரு சிறு கிண்ணமும் கையில் இருக்கட்டும். நாய் நடக்க மறுத்து நிழலில் படுத்துவிட்டால் அதை இழுக்காதீர்கள். நிழலிலேயே வைத்து, சாதாரண நீரை உடலில் ஊற்றி, காற்றுப்பட விட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வீடு திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

நாம் நடந்துகொள்ளும் முறை

பூங்காவில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும். "என் நாய் ஒன்றும் செய்யாது" என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே வருபவருக்குத் தெரியாது. நீண்டு சுருங்கும் கயிற்றைவிட ஒன்றரை மீட்டர் அளவுள்ள சாதாரணக் கயிறே கட்டுப்பாட்டுக்கு நல்லது. விளையாட்டுத் திடலின் ஊஞ்சல், சறுக்குமரம் உள்ள பகுதிக்குள் நாயைக் கொண்டு செல்லாதீர்கள். யாராவது தயங்கி நின்றால் அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் நீங்கள் ஒதுங்கி வழிவிடுங்கள். நாய்க்குப் பயப்படும் தமிழர்களும் ஏராளம்! கழிவை அள்ள மூன்று பைகளாவது சட்டைப்பையில் இருக்கட்டும். உங்கள் நாய் போடாததையும் சேர்த்து அள்ளினால் இன்னும் சிறப்பு. அள்ளாமல் விடப்பட்ட ஒவ்வொரு கழிவும் அடுத்த தடைப்பலகைக்கு நாம் எழுதிக் கொடுக்கும் மனுவாகும்.

அண்டை நாட்டில்

நாய்க்கென்றே இடம் ஒதுக்க முடியாதா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் ஒரு விடை தருகிறது. நம்மைவிட நெருக்கமான நகரம் அது. அங்கும் பல இனத்தவர், பல சமயத்தவர் வாழ்கின்றனர். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட வகையில் ஒரு நாய் மட்டுமே வளர்க்கலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆயினும் தேசியப் பூங்காக் கழகம் பீஷான்–அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற இடங்களில் வேலியிட்ட நாய் ஓடுதளங்களை அமைத்திருக்கிறது. வேலிக்குள் நாயை அவிழ்த்துவிடலாம். வேலிக்கு வெளியே கயிறு கட்டாயம். புக்கிட் தீமா போன்ற பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகளில் நாய்க்கு அனுமதி இல்லை. எங்கே போகலாம், எங்கே கூடாது என்பது தெளிவாக இருப்பதால் நாய் வளர்ப்பவருக்கும் நிம்மதி, வளர்க்காதவருக்கும் நிம்மதி.

நாமும் இதைக் கேட்கலாம். பெரிய பூங்காக்களின் ஒரு மூலையில் வேலியிட்ட சிறு பகுதி, கழிவுத் தொட்டி ஒன்று, தெளிவான அறிவிப்புப் பலகை ஆகியவை போதும். குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாகவும், உங்கள் பகுதி மன்ற உறுப்பினர் வழியாகவும் மனு கொடுக்கலாம். அந்த மனுவில் நம் கையெழுத்தோடு சீன, மலாய் அண்டை வீட்டாரின் கையெழுத்தும் இருந்தால் அதன் வலிமையே வேறு. அந்தக் கையெழுத்தைக் கேட்கும் தகுதி, நாம் தினமும் தெருவில் நாயை நடத்திச் செல்லும் முறையிலிருந்துதான் வரும்.

மனு நிறைவேற ஆண்டுகள் ஆகலாம். நாயின் ஆயுளோ பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். நண்பர்களே, இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, அப்பாவிடமோ அண்ணனிடமோ கேட்டு ஒரு நல்ல கழுத்துக் கயிறு வாங்குங்கள். பட்டதாரிகளாகிச் சொந்த வீடு வாங்கிவிட்ட அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் வீட்டுக் காவலாளிக்கும் தினமும் அரை மணி நேரம் ஓய்வு கொடுங்கள். பெரிய பூங்கா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெருமுனை வரை போய் வந்தாலும் அதற்கு அது புது உலகம். நாய் நன்றியுள்ள பிராணி என்று எழுதி மதிப்பெண் பெற்ற நாம், அந்த நன்றிக்கு ஈடாக இதையாவது செய்வோம்.